ப்ளூபெர்ரிச் செடி வளராமல் நிற்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுத் தோட்டத்தில் ப்ளூபெர்ரி வைத்தவர்களில் பலர் கேட்பது ஒன்றைத்தான்: "செடி சாகவும் இல்லை, வளரவும் இல்லை. என்ன உரம் போடலாம்?" உரத்தைப் பற்றிய பதிலை வேண்டுமென்றே பின்னால் தள்ளியிருக்கிறேன். மண்ணில் சத்து இல்லாமல் ப்ளூபெர்ரி முடங்குவது குறைவு. சத்து இருந்தும் வேரால் அதை எடுக்க முடியாமல் முடங்குவதுதான் அதிகம். அந்த நிலையில் போடும் உரம் செடிக்கு இன்னொரு சுமை.

நட்டு ஒரு வருஷம் ஆகிறது. வாங்கியபோது இருந்த உயரமேதான் இருக்கிறது. கவலைப்பட வேண்டுமா?

முதல் வருஷம் என்றால் வேண்டாம். ப்ளூபெர்ரி இயல்பிலேயே நிதானமான செடி. உயர்புதர் வகை முழு வளர்த்திக்கு வந்து 5 முதல் 8 அடி உயரம் நிற்க 6 முதல் 8 வருஷம் பிடிக்கும். முதல் பருவத்தில் அதன் வேலை பெரும்பாலும் மண்ணுக்குக் கீழேதான்.

இரண்டாம் வருஷத்திலிருந்து உயரத்தை அளப்பதை விட்டுவிட்டு இரண்டு விஷயங்களைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் வந்த புதுக்கிளை ஒரு சாண் நீளமாவது இருக்கிறதா? தூரிலிருந்து, அதாவது மண்மட்டத்திலிருந்து, புதுத் தண்டு ஏதாவது கிளம்பியிருக்கிறதா? இரண்டும் இருந்தால் செடி சரியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. இரண்டுமே இல்லாமல், விரல்நீளத் துளிர் விட்டு இலையும் சிறுத்து நின்றால் தொடர்ந்து படியுங்கள்.

வாங்கியபோது வந்த அட்டையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 'டாப் ஹேட்' போன்ற குட்டை ரகங்கள் எத்தனை வருஷம் ஆனாலும் இரண்டடி சுற்றித்தான் நிற்கும். குட்டை ரகத்தை வைத்துக்கொண்டு ஆளுயரம் எதிர்பார்ப்பவர்களும் உண்டு.

துளிர் நன்றாக வந்துகொண்டிருந்தது. திடீரென்று நுனி கறுத்து நின்றுவிட்டது. கருகல் நோயா?

அநேகமாக இல்லை. ப்ளூபெர்ரி ஒரே மூச்சில் வளராது. அலை அலையாக வளரும். ஓர் அலை முடியும்போது தண்டின் நுனிமொட்டு தானாகவே உதிர்ந்துவிடும். உற்றுப் பார்த்தால் கடைசி இலைக்குப் பக்கத்தில், குண்டூசி முனையை விடச் சிறிதாக, உலர்ந்த ஒரு கறுப்புத் துணுக்கு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குக் கீழே உள்ள இலை முழுப்பச்சையாக, விறைப்பாக இருக்கும். சில வாரங்கள் கழித்து அதற்குக் கீழ்க்கணு ஒன்றிலிருந்து அடுத்த கிளை புறப்படும். அது நோயல்ல, ஓய்வு.

நோய் என்றால் கறுப்பு அந்தப் புள்ளியோடு நிற்காது. நுனி வளைந்து தொங்கும், இலைகள் பழுப்பாகும், கருகல் தண்டு வழியாகக் கீழே இறங்கும். அப்போது ஆரோக்கியமான பாகம் வரை வெட்டி அப்புறப்படுத்துங்கள்.

எல்லோரும் பிஎச், பிஎச் என்கிறார்களே. மற்ற செடிகளுக்கு இல்லாத அக்கறை இதற்கு மட்டும் ஏன்?

பிஎச் என்பது மண் எவ்வளவு அமிலம் என்று காட்டும் எண். எண் குறையக் குறைய அமிலம் கூடும். ப்ளூபெர்ரியை மனிதர்கள் தோட்டத்துக்குக் கொண்டுவந்து நூறு வருஷத்துக்குச் சற்று மேல்தான் ஆகிறது. அதற்கு முன்பு காட்டில் பறித்ததோடு சரி. நல்ல தோட்ட மண்ணில் கொண்டுவந்து வைத்த காட்டுச் செடிகள் நின்றுபோயின, காரணம் புரியவில்லை. அமெரிக்க வேளாண் துறையின் தாவரவியலாளர் பிரடெரிக் கோவில் 1910-ல் வெளியிட்ட ஆய்வில்தான் விடை கிடைத்தது. இதற்கு வேண்டியது அமில மண். நாம் "வளமான மண்" என்று மெச்சும் மண்ணே இதற்கு ஆகாதது. அதைப் படித்த எலிசபெத் ஒயிட் நியூ ஜெர்சியிலுள்ள தன் குடும்பப் பண்ணையில் அவரோடு சேர்ந்து பயிரிட, 1916-ல் முதல் விளைச்சல் விற்பனைக்குப் போனது.

இந்தச் செடிக்கு 4.5 முதல் 5.5 வரையிலான பிஎச் பொருந்தும்; 5-ஐ ஒட்டி இருந்தால் உத்தமம். பெரும்பாலான காய்கறிகளுக்கு ஏற்ற 6.5-ல் இது முடங்கிவிடும். 5.5-க்கும் 6.5-க்கும் நடுவே ஒரே ஓர் எண் வித்தியாசம்தானே என்று தோன்றும். பிஎச் அளவுகோலில் ஓர் எண் என்பது பத்து மடங்கு. பிஎச் ஏறினால் மண்ணிலுள்ள இரும்பு கரையாமல் கட்டிப்போய்விடும். ப்ளூபெர்ரி வேரில் மற்ற செடிகளுக்கு இருப்பது போன்ற வேர்த்தூவிகள் கிடையாது. நூல்போன்ற மெல்லிய வேர்தான். கட்டிப்போன சத்தைக் கறந்தெடுக்கும் சாமர்த்தியம் அதற்கு இல்லை.

எப்படி அளப்பது? மண்ணில் குத்திப் பார்க்கும் கருவி வாங்கியிருக்கிறேன்.

மலிவான இரட்டைமுள் கருவியை நம்பாதீர்கள். மண்ணின் ஈரத்துக்கு ஏற்ப அது மாற்றி மாற்றிச் சொல்லும். மண் பரிசோதனைக் கூடத்தில் கொடுப்பதே நல்லது. வீட்டிலேயே பார்ப்பதானால் செடியைச் சுற்றி நாலைந்து இடத்தில், ஒரு விரல் முதல் ஒரு சாண் ஆழம் வரை மண் எடுத்துக் கலக்குங்கள். அதே அளவு காய்ச்சி வடித்த நீர் விட்டுக் கலக்கி, அரைமணி நேரம் வைத்து, பிஎச் தாளையோ தரப்படுத்திய மின்கருவியையோ பயன்படுத்துங்கள். குழாய்த் தண்ணீரில் கலக்கினால் மண்ணோடு தண்ணீரின் பிஎச்சும் சேர்ந்துவிடும்.

கூடவே ஒரு சோதனை. உலர்ந்த மண் ஒரு கரண்டி எடுத்து அதன்மேல் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்துச் சிணுங்கினால் மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்த மண்ணை அமிலமாக்கப் பாடுபட வேண்டாம். நீங்கள் போடும் அமிலத்தையெல்லாம் சுண்ணாம்பு தின்றுகொண்டே இருக்கும். தொட்டிக்கோ, அடிமண்ணோடு கலக்காத உயர்மேடைப் பாத்திக்கோ மாறுவதுதான் வழி.

பிஎச் 6.2 காட்டுகிறது, சுண்ணாம்பு இல்லை. எப்படிக் குறைப்பது?

கந்தகத் தூள். சாதாரணக் கந்தகம், வேறு ஒன்றும் வேண்டாம். மண்ணிலுள்ள பாக்டீரியாக்கள் அதைத் தின்று அமிலமாக மாற்றும். அவை உயிர்கள் என்பதால் மண் வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருந்தால்தான் வேலை நடக்கும். பலன் தெரிய சில மாதங்கள், சில இடங்களில் ஒரு வருஷம் கூட ஆகும். அதனால் செடி வைப்பதற்கு முந்தைய வருஷமே கந்தகம் கலப்பது சிறந்தது. பிஎச் 6-லிருந்து 4.5-க்கு இறக்க, மணற்பாங்கான மண்ணில் சதுர மீட்டருக்குச் சுமார் 60 கிராம் போதும். மணலும் களியும் கலந்த மண்ணுக்குச் சுமார் 170 கிராம். களிமண்ணுக்கு இன்னும் கூடுதல்.

செடி ஏற்கெனவே நிற்கிறது என்றால் இந்த அளவை ஒரே தடவையில் கொட்டக்கூடாது. பிரித்து, மூன்று நான்கு மாத இடைவெளியில், மேலாகத் தூவித் தண்ணீர் விடுங்கள். நடுநடுவே அளந்து பாருங்கள். கொத்திக் கிளற வேண்டாம். வேர் அங்கேயேதான், மேல்மண்ணில் இருக்கிறது.

அலுமினியம் சல்பேட் உடனே வேலை செய்யும் என்பார்கள். செய்யும். ஆனால் அந்த அளவு அலுமினியம் ப்ளூபெர்ரி வேருக்கு நஞ்சு. இதற்கு அது வேண்டாம்.

வினிகர், காபித்தூள் சக்கை, எலுமிச்சைச் சாறு, பைன் இலை?

வினிகரும் எலுமிச்சையும் சில நாட்களுக்குப் பிஎச்சை இறக்கும், பிறகு பழையபடி ஏறிவிடும். காபி போட்டெடுத்த சக்கையில் அமிலம் பெரிதாக மிஞ்சுவதில்லை. கொஞ்சம் தூவினால் கெடுதலும் இல்லை. பைன் இலை நல்ல மூடாக்கு, அதாவது மண்ணை மூடிவைக்கும் போர்வை, அவ்வளவுதான். அது மண்ணை அமிலமாக்கும் என்பது கேள்விப்பட்டுக் கேள்விப்பட்டு நிலைத்துவிட்ட நம்பிக்கை.

இலை மஞ்சளாகிறது. இரும்புச்சத்துத் தெளித்தால் சரியாகுமா?

எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று முதலில் பாருங்கள். அங்கேதான் பாதி விடை இருக்கிறது.

நுனியிலுள்ள இளம் இலைகள் மஞ்சளாகி, நரம்பு மட்டும் பச்சையாக வலைபோலத் தெரிந்தால் இரும்புக் குறை. அதன் பின்னால் இருப்பது ஏறக்குறைய எப்போதும் ஏறிப்போன பிஎச். இரும்புக் கரைசலை இலைமேல் தெளித்தால் செடி பச்சையாகும். அடுத்த துளிர் மறுபடி மஞ்சளாகவே வரும். கந்தகம் வேலை செய்யத் தொடங்கும் வரை தாக்குப்பிடிக்க மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். மண்ணில் ஊற்றுவதாக இருந்தால் 'இடிடிஎச்ஏ' வகை இரும்புச் சேர்மம் வாங்குங்கள். சாதாரண 'இடிடிஏ' வகை உயர் பிஎச்சில் நிற்காது.

அடியிலுள்ள முதிர்ந்த இலைகள் நரம்போடு சேர்த்து ஒரே சீராக வெளுத்தால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறை. முதிர்ந்த இலையின் ஓரம் மஞ்சளாகிச் சிவந்து, நடுவில் மட்டும் பச்சை மிஞ்சினால் மெக்னீசியக் குறை. ஓரம் பழுப்பாகத் தீய்ந்து நொறுங்கினால் வறட்சியாக இருக்கலாம், உப்பு ஏறியதாகவும் இருக்கலாம். போன மாதம் எவ்வளவு உரம் போட்டீர்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இலை சிவப்பது? குளிர் வரும்போது சிவந்தால் இயல்பு. வெதுவெதுப்பான பருவத்தில் சிவந்தால் வேர் சிரமப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு, மண் ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள்.

முதல் வருஷம் அருமையாக வந்தது. மூன்றாம் வருஷம் சுணங்கிவிட்டது. மண்ணை நான் மாற்றவே இல்லையே?

நீங்கள் மாற்றவில்லை, தண்ணீர் மாற்றியிருக்கும். ஆழ்துளைக் கிணற்று நீரிலும் பல ஊர்க் குழாய் நீரிலும் பைகார்பனேட் கரைந்திருக்கும். கெட்டிலில் வெள்ளைப் பொருக்குப் படிகிறதென்றால் உங்கள் தண்ணீர் அந்த ரகம். ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் கொஞ்சம் சுண்ணாம்பு போடுவதற்குச் சமம் அது. தொட்டிச் செடியில் இது இன்னும் சீக்கிரம் தெரியும்.

மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதுதான் ஆகச் சிறந்த தீர்வு. அது போதாதென்றால் குழாய்நீரில் சிட்ரிக் அமிலம் சிட்டிகை சிட்டிகையாகக் கலந்து, பிஎச் 5 முதல் 5.5 வரை வரும்படி அளந்து ஊற்றலாம். ஒரு வாளிக்கு எவ்வளவு என்பது தண்ணீருக்குத் தண்ணீர் மாறும். ஒருதரம் அளந்து குறித்துக்கொண்டால் பிறகு கண்ணை மூடிக்கொண்டு போடலாம்.

செடியைச் சற்று ஆட்டினேன். மண்ணோடு பிடிப்பே இல்லாமல் தளர்ந்து ஆடுகிறது.

தோண்டிப் பாருங்கள், தயங்க வேண்டாம். இளஞ்செடி அதைத் தாங்கும். நர்சரியில் நெடுநாள் சிறு தொட்டியில் இருந்த செடியை அப்படியே நட்டிருந்தால், இரண்டு வருஷம் கழித்து எடுத்தாலும் வேர் தொட்டியின் வடிவத்திலேயே வரும். வெளிப்புறத்தில் பழுப்பு வேர்கள் சுற்றிச் சுற்றிப் பாய்போலப் பின்னியிருக்கும். உள்ளே பழைய நார்க்கலவை எலும்புபோல உலர்ந்திருக்கும். சுற்றியிருக்கும் தோட்ட மண் நனைந்திருந்தாலும் ஈரம் உள்ளே நுழைவதில்லை. செடி தோட்டத்தில் இருக்கிறது, ஆனால் இன்னும் தொட்டியில்தான் வாழ்கிறது.

வேர்ப்பந்தை வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும் வரை அமிழ்த்தி வையுங்கள். பிறகு அடிப்பாகத்தை விரலால் பிரித்துவிடுங்கள். பிரியவில்லை என்றால் பக்கவாட்டில் நாலு இடத்தில் கத்தியால் ஓர் அங்குல ஆழத்துக்குக் கீறிவிடுங்கள். பார்க்கக் கொடூரமாக இருந்தாலும் புது வேர் அந்தக் கீறலிலிருந்துதான் கிளம்பும். பீட் மாஸும் (மட்கிய பாசி) தோட்ட மண்ணும் பாதிக்குப் பாதி கலந்த மண்ணில், முன்பிருந்த ஆழத்திலேயே நடுங்கள். ஆழமாகப் புதைத்தால் மறுபடி மூச்சுமுட்டும். செடி ஓய்வில் இருக்கும் குளிர்காலம் இதற்குத் தோதான நேரம்.

பந்தை எடுத்ததும் வேர் கறுத்து, தொட்டால் தோல் உரிந்து வந்தால் அது வேரழுகல். காரணம் அடுத்த பதிலில்.

தண்ணீர் அதிகமா, குறைவா என்று எப்படித் தெரியும்? இரண்டுக்கும் இலை ஒரே மாதிரி வாடுகிறதே.

உண்மைதான், இலையைப் பார்த்துச் சொல்ல முடியாது. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். வேரில் பெரும்பகுதி மேல் ஓரடி மண்ணுக்குள்ளேயே இருப்பதால் இந்தச் செடி ஒரு வார வறட்சியையும் தாங்காது, ஒரு வார நீர்த்தேக்கத்தையும் தாங்காது. வளரும் பருவத்தில் வாரத்துக்கு 2.5 முதல் 5 செ.மீ. மழைக்குச் சமமான நீர் வேண்டும். அதை ஒரே நாளில் கொட்டாமல் இரண்டு மூன்று தடவையாகக் கொடுங்கள்.

களிமண்ணில் ஆழக் குழி வெட்டி, அதில் பீட் மாஸை நிரப்பி நடுவது பலர் சொல்லும் முறை. மழைக்காலத்தில் அந்தக் குழி அண்டாவாகிவிடும். சுற்றிலுமுள்ள நீரெல்லாம் அதற்குள் இறங்கி நிற்க, ஃபைட்டோஃப்தோரா என்ற வேரழுகல் கிருமிக்குக் கொண்டாட்டம். களிமண் என்றால் குழி வேண்டாம், மேடு போடுங்கள். முக்கால் அடி முதல் ஒன்றரை அடி வரை உயர்த்தி அதன்மேல் நடுங்கள்.

மூடாக்குப் போட்ட பிறகு வளர்ச்சி இன்னும் குறைந்தது போலிருக்கிறது.

மரத்தூள் போட்டீர்களா? புது மரத்தூளை மட்கச் செய்யும் நுண்ணுயிர்கள் தழைச்சத்தை மண்ணிலிருந்து கடன் வாங்கும். அந்த வருஷம் தழைச்சத்தைச் சற்றுக் கூட்டிக் கொடுத்தால் சரியாகிவிடும். மூடாக்கை எடுத்துவிடாதீர்கள். மரப்பட்டை, மரத்தூள், பைன் இலை எதுவானாலும் 5 முதல் 10 செ.மீ. கனம், தண்டை ஒட்டாமல் நாலு விரல் தள்ளி. புல்லோடு போட்டிபோட இந்த வேருக்குத் தெம்பில்லை. தூரைச் சுற்றி புல் முளைத்துப் பின்னிக்கிடந்தால் அதுவே வளர்ச்சியை நிறுத்தப் போதுமான காரணம்.

சரி, இப்போதாவது சொல்லுங்கள். என்ன உரம்?

பிஎச் 5.5-க்குக் கீழே இருக்கிறது, வடிகால் சரி, மண் ஈரமாக இருக்கிறது என்றால் அம்மோனியம் சல்பேட். ப்ளூபெர்ரிக்குத் தழைச்சத்து அம்மோனிய வடிவில் வேண்டும். நைட்ரேட் வடிவை அது சரியாகப் பயன்படுத்தாது. கால்சியம் நைட்ரேட், பொட்டாசியம் குளோரைடு இரண்டையும் தள்ளி வையுங்கள். 'அமிலம் விரும்பும் செடிகளுக்கு' என்று அச்சிட்ட கலப்பு உரங்களும் பொருந்தும்.

அளவு: நடும்போது குழியில் எதுவும் வேண்டாம். நட்டு ஒரு மாதம் கழித்து, செடிக்கு மொத்தம் 30 கிராம். அதையும் இரண்டாகப் பிரித்து ஆறு வார இடைவெளியில். வருஷத்துக்கு 30 கிராம் கூட்டிக்கொண்டே போய் 240 கிராமில் நிறுத்திவிடுங்கள். தண்டை ஒட்டிக் குவிக்காமல் கிளை விரிந்த அகலத்துக்குத் தூவி, உடனே தண்ணீர் விடுங்கள். கோடை பாதி தாண்டியதும் நிறுத்துங்கள். பிந்தி வரும் துளிர் குளிரில் கருகும்.

தொழு உரத்தைப் பலரும் பாசத்தோடு போடுகிறார்கள். பசுமையான சாணத்தில் உப்பு அதிகம், பிஎச்சும் உயர்வு. மரச்சாம்பல் அதைவிட மோசம். அது சுண்ணாம்புக்கு அண்ணன். இரண்டும் தக்காளிக்குப் போகட்டும்.

வேர்ப்பூஞ்சைப் பொடி விற்கிறார்களே, அது உதவுமா?

ப்ளூபெர்ரி வேரோடு கூட்டுச் சேரும் பூஞ்சை தனி இனம். எரிகாய்டு வகை என்பார்கள். கடையில் விற்கும் பொடிகளில் இருப்பது பெரும்பாலும் மற்ற பயிர்களுக்கானது. பொட்டலத்தில் 'எரிகாய்டு' என்று இல்லையென்றால் காசு வீண்.

சின்னச் செடியிலேயே பூத்துக் குலுங்குகிறது. பறித்துவிட வேண்டுமாமே, மனசு வரவில்லை.

பறித்துவிடுங்கள். முதல் வருஷம் முழுவதையும், செடி மெலிந்திருந்தால் இரண்டாம் வருஷமும். சுணங்கிய செடியை மீட்கச் செலவே இல்லாத வழி இதுதான். ஒரு கை பழத்துக்காகச் செடி ஒரு பருவ வேர்வளர்ச்சியை விட்டுக்கொடுக்கிறது. பூமொட்டு கிளை நுனியில் உருண்டு திரண்டிருக்கும். இலைமொட்டு கீழே ஒல்லியாகக் கூர்மையாக ஒட்டியிருக்கும். உருண்டதை மட்டும் விரலால் உருவிவிட்டால் போதும்.

பத்து வருஷச் செடி. புதுக்கிளையே இல்லை, குச்சிக்குச்சியாக இருக்கிறது.

கவாத்து செய்யாத செடி. ஆறு வருஷத்துக்கு மேற்பட்ட தண்டுகள் தடித்து, சாம்பல் நிறப் பட்டை வெடித்து நிற்கும். குளிர்காலத்தில் அவற்றில் இரண்டு மூன்றைத் தரையோடு அறுத்துவிடுங்கள். ஒரே வருஷத்தில் எல்லாவற்றையும் அறுக்காமல் மூன்று வருஷத்தில் மாற்றுங்கள். வெவ்வேறு வயதில் ஆறு முதல் எட்டுத் தண்டு இருந்தால் கச்சிதம்.

வெப்பமான இடத்தில் இருக்கிறேன். குளிரே வராது.

ரகம்தான் பதில். வட உயர்புதர் வகைக்கு 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே 800 முதல் 1000 மணி நேரக் குளிர் தேவை. அது கிடைக்காவிட்டால் மொட்டுகள் முன்னும் பின்னுமாக, அரைமனதாக விழிக்கும். செடி வருஷா வருஷம் தேயும். எந்த மண் வைத்தியமும் அதை மாற்றாது. தென் உயர்புதர் வகைகளில் பல 150 முதல் 500 மணி நேரத்தில் திருப்தியாகும். முயல்கண் (ரேபிட்ஐ) என்ற ப்ளூபெர்ரி வகையும் வெப்பத்தைத் தாங்கும். பக்கத்தில் வேறொரு முயல்கண் ரகம் இருந்தால்தான் அது நன்றாகக் காய்க்கும்.

வெயில் தினமும் ஆறு மணி நேரமாவது வேண்டும். தொட்டியில் இருந்தால் கறுப்புத் தொட்டியை நேர் வெயிலில் வைக்காதீர்கள், வேர் வெந்துவிடும். முதலில் 15, 20 லிட்டர் தொட்டி, பிறகு 40, 50 லிட்டருக்கு மாற்றுங்கள்.

ஒரே நாளில் வைத்த இரண்டு செடிகள். ஒன்று செழிப்பு, மற்றது அப்படியே. ஏன்?

இரண்டுக்கும் நடுவே என்ன வேறுபாடு என்று தேடுங்கள். சிமெண்ட் சுவருக்கோ நடைபாதைக்கோ அருகிலுள்ளதா? அங்கிருந்து கசியும் சுண்ணாம்பு பிஎச்சை ஏற்றும். வால்நட் மரம் பக்கத்தில் உண்டா? அதன் வேர் விடும் ஜக்லோன் என்ற வேதிப்பொருள் ப்ளூபெர்ரிக்கு ஆகாது. பெரிய மரத்தின் நிழலா? வேருக்கடியில் வெள்ளைப்புழு இருக்கிறதா? இரண்டும் வேறு வேறு ரகமா?

இலைகள் சிறுத்து, கிண்ணம்போல மடிந்து, ஓரம் மஞ்சளாகி, கணுக்கள் நெருங்கிச் செடியே துடைப்பம்போல ஆகியிருந்தால் குட்டைநோயாக இருக்கலாம். வட அமெரிக்காவில் தத்துப்பூச்சி பரப்பும் இந்த நோய்க்கு மருந்து இல்லை. உறுதியானால் அடுத்த செடிக்குப் பரவுமுன் பூச்சிக்கு மருந்தடித்துவிட்டு வேரோடு பிடுங்குங்கள்.

எவ்வளவு காலம் பார்த்துவிட்டுக் கைவிடலாம்?

பிஎச்சைச் சரிசெய்த பிறகு இரண்டு முழு வளரும் பருவம் கொடுங்கள். தூரிலிருந்து ஒரு தண்டாவது வந்தால் வைத்துக்கொள்ளுங்கள். வரவில்லை என்றால், அல்லது நகத்தால் கீறிப் பார்க்கும்போது தண்டின் உள்பட்டை பச்சையாக இல்லாமல் பழுப்பாக இருந்தால், எடுத்துவிடுங்கள். வேரழுகலால் போன செடியென்றால் அதே இடத்தில் இன்னொரு ப்ளூபெர்ரி வேண்டாம். கிருமி மண்ணில் வருஷக்கணக்கில் தங்கும்.